கைதட்டினால் தீர்ந்தது

எங்கள் பார்சல் கூடத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட முழுசாகத் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? எங்கள் நிர்வாகத்துக்கு இது காதில் விழ ஒரு வருடம் ஆனது. அதுவும் மேடை போட்டு, மைக் வைத்து, நடுவர் குழு அமைத்த பிறகு.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. திறந்தால் நேர் எதிரே லாரியில் சரக்கு ஏற்றுகிற இடம், அங்கே எந்நேரமும் ஆண்கள். அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் பெல்ட்டை விட்டு ஒரே சமயத்தில் இரண்டு பேர் நகரக் கூடாது என்பது மேற்பார்வையாளர் போட்ட சட்டம். பெல்ட் என்றால் பார்சல்கள் நகர்ந்து வருகிற ரப்பர் பாதை. அதன் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒருத்தியாகப் போனால் மானம் போகும், இரண்டு பேராகப் போனால் அரை நாள் சம்பளம் போகும். இதற்கு நாங்களாகவே கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

நான் லேபிள் ஒட்டுகிறவள். என் பக்கத்தில் நின்று டேப் ஒட்டுகிறவளுக்கு 'பூச்சி' என்று பெயர். வாயில்லாப் பூச்சி என்று வைத்தோம், கூப்பிட நீளமாக இருக்கிறதென்று பூச்சியாக்கிவிட்டோம். 'இப்படிக் கூப்பிடாதீர்கள்' என்று சொல்லக்கூட அவள் வாயைத் திறந்ததில்லை. அவளுக்கு அடுத்து நிற்கிறவள் அவள் தங்கை, அப்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேர்ந்த சில மாதத்தில் அவளுக்கு அடிவயிற்றில் வலி, குளிர்ஜுரம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சிறுநீரில் கிருமியாம்.

"தண்ணி நல்லா குடிக்கணும், அடக்கி வைக்கக் கூடாது. இப்படியே போச்சுன்னா கிட்னியில போய் நிக்கும்" என்றார் டாக்டர். அவருக்கென்ன, அவர் அறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

பூச்சி அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு எடுத்தாள். புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். நான் துணைக்குப் போனேன்.

புகார்ப் பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடி அறை. வாசலில் 'பெண் குரல் மேம்பாட்டுப் பிரிவு' என்ற பலகை. உள்ளே ஏ.சி. குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரைக் குரல் அதிகாரி என்றுதான் சொல்வோம்.

"வாங்கம்மா, வாங்க. உங்களுக்காகத்தான் இந்தப் பிரிவே" என்றார். "முன்னாடியெல்லாம் பெண்கள் புகார் எழுதிப் போடுவாங்க. நாங்க யாரும் படிக்க மாட்டோம். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க. அதை மாத்தியே ஆகணும்னுதான் பெட்டியை எடுத்துட்டோம்."

"தாழ்ப்பாள் வேணும்மா" என்றாள் பூச்சி.

"அருமை. இதை அப்படியே வளர்த்து மேடைக் கவிதையா கொண்டு வாங்க."

பூச்சி என்னைப் பார்த்தாள். நான் குரல் அதிகாரியைப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். இனிமேல் பெண் ஊழியர்களின் புகார்கள் மேடையில், மைக் முன்னால், மனப்பாடமாக, கவிதையாக மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். குறைந்தது மூன்று நிமிடம்.

"தாழ்ப்பாளைப் பத்தி மூணு நிமிஷம் என்னங்க பேசறது?" என்றேன் நான்.

"அதுக்குத்தான் பயிற்சி இருக்கு" என்றார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ஆண். கழுத்தில் துண்டு மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையில் நின்றார். தரையில் இருக்கிற உண்மை உள்ளங்கால் வழியாக ஏறுமாம்.

"பெண்கள் பேசணும்" என்று ஆரம்பித்தார். "பெண்கள் ஏன் பேசறதில்ல? ஏன்னா மத்தவங்க பேசிக்கிட்டே இருக்காங்க." இதை மதியம்வரை பேசினார். நடுவில், சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற அக்கா கையைத் தூக்கினாள். "கடைசியில கேள்வி நேரம் இருக்கும்மா" என்றார். கடைசியில் நேரம் இல்லை.

"குரல் தொண்டையில இருந்து வரக் கூடாது. அடிவயித்துல இருந்து வரணும்" என்றார்.

"எனக்கு அடிவயித்துல வலிங்க சார்" என்றாள் பூச்சியின் தங்கை.

அவர் கண் கலங்கிவிட்டார். "அதேதான். அந்த வலிதான் முதல் வரி. எல்லாரும் இந்தப் பொண்ணைப் பாருங்க" என்றார். அந்தப் பிள்ளை நெளிந்தது அவசரத்தில் என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் போய்க் கதவைப் பிடித்தேன்.

முதல் அரங்கேற்றம் கூட்ட அறையில் நடந்தது. பூச்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தாழ்ப்பாள் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று மூன்று நிமிடமும் அதையே சொன்னாள். வேறு என்ன செய்வாள், அவளிடம் இருந்த சமாசாரம் அவ்வளவுதான். முடித்ததும் கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பயிற்சியாளர் எழுந்து நின்று தட்டினார். பூச்சிக்குப் பூங்கொத்தும் 'தடை தாண்டிய குரல்' என்ற கேடயமும் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்தும் கதவு அப்படியே இருந்தது. கண்ணாடி அறைக்குப் போனோம்.

"உங்களுக்குக் கைதட்டல் வந்ததா?" என்று கேட்டார் குரல் அதிகாரி.

"வந்தது."

"அப்போ புகார் தீர்ந்துடுச்சே."

விதியே அப்படித்தானாம். கைதட்டல் பெற்ற புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதப்படும். "யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டே. "ஒரு பெண்ணுக்கு உண்மையில என்ன வேணும்? தாழ்ப்பாளா? இல்லம்மா. தன் பேச்சை நாலு பேர் கேக்கணும், அதான் வேணும். நாங்க கேட்டுட்டோம். இந்தப் பிரிவு வந்தப்புறம் ஒரு புகார்கூட நிலுவையில இல்ல. அதுக்கு முன்னாடி தாழ்ப்பாள், விளக்கு, மின்விசிறின்னு வாங்கியே காசு கரைஞ்சுது. கைதட்டலுக்குச் செலவே கிடையாது."

பூச்சி கேடயத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். அதைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை என்று அவர் மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார். கடைசியில் அந்தக் கேடயம் எங்களுக்குப் பயன்பட்டது. கழிப்பறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். கனம் போதவில்லை.

தீர்ந்த புகாரை மறுபடி திறக்க ஒரே வழி, மேல்முறையீடு. அதாவது மண்டலப் போட்டி. அதே புகாரை இன்னும் உணர்ச்சியோடு சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை. மேடை ஏற ஏறப் பூச்சி மாறினாள். நிமிர்ந்து நடந்தாள். வரிக்கு வரி நிறுத்தி எதிரில் இருக்கிறவர் கண்ணைப் பார்க்கப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் இல்லையா, அதை வீட்டில் செய்து பார்த்திருக்கிறாள்.

"நான் சமைச்சேன்னு சொன்னேன். நிறுத்தினேன். அவரைப் பாத்தேன். தட்டைக் கழுவுறது நீங்கன்னு சொன்னேன். மறுபடி நிறுத்தினேன்" என்றாள்.

"அப்புறம்?"

"கழுவிட்டாருக்கா. எனக்கே பயமாப் போச்சு."

மேற்பார்வையாளர் அதுவரை அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் பூச்சி டேப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்தாள். மறுநாளிலிருந்து 'என்னம்மா' ஆகிவிட்டது. மற்றப் பெண்களும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். மதியம் உட்கார்ந்தால் ஆளாளுக்கு ஒரு வரி சொல்லிப் பார்ப்பார்கள். மாமியாரைப் பற்றி ஒருத்தி, பஸ்ஸில் இடிக்கிறவனைப் பற்றி ஒருத்தி. சிரிப்போம், சில நாள் அழுதிருக்கிறோம். அந்தப் பிரிவு ஏதோ ஒரு நல்லதைத் தெரியாமல் செய்துவிட்டது. தெரிந்திருந்தால் நிச்சயம் தடுத்திருக்கும்.

சரி, மண்டலப் போட்டிக்கு வருகிறேன். ஃபோர்க்லிஃப்ட் அக்கா, தலைக்கவசம் பெரிதாக இருக்கிறது, கண்ணை மறைக்கிறது என்று பாடினாள். அவளுக்கு இரண்டாம் பரிசு, ஒரு தலைக்கவசம். அதுவும் அதே அளவு.

பூச்சி ஒரு திட்டத்தோடு வந்திருந்தாள். கைதட்டல் வந்தால்தானே புகாரை மூடுவார்கள், அதனால் மோசமாகச் சொல்லிவிடுவது. மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி முணுமுணுத்துவிட்டு இறங்கினாள். அரங்கம் கப்சிப் என்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போது குரல் அதிகாரி மைக்கைப் பிடுங்கினார்.

"தயவுசெஞ்சு தட்டுங்க. நிலுவையில புகார் இருந்தா நிகழ்ச்சியை முடிக்கக் கூடாதுன்னு விதி. நமக்கெல்லாம் பஸ் இருக்கு" என்றார்.

பஸ் என்றதும் எல்லோரும் தட்டினார்கள். 'பார்வையாளருக்கு முதுகு காட்டிய புரட்சி' என்று நடுவர்கள் முதல் பரிசு கொடுத்து, பூச்சியை இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு பொறி தட்டியது அங்கேதான்.

நடுவில் ஒரு குழப்பம் வந்தது. சில இளம் பெண்கள் கைதட்டாமல் விரலைச் சொடுக்கினார்கள். சொடுக்கு கைதட்டலா இல்லையா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு பல முறை கூடி, இரண்டு சொடுக்கு ஒரு கைதட்டலுக்குச் சமம் என்று சுற்றறிக்கை விட்டது. மேடையில் இருக்கிற விருந்தினர் தட்டுவது மரியாதைக்காக, அது கணக்கில் சேராது என்பதையும் அதிலேயே சேர்த்தார்கள். அதை நான் இரண்டு தடவை படித்தேன்.

இறுதிச் சுற்று எங்கள் பார்சல் கூடத்திலேயே நடந்தது. நிறுவனத்தின் தலைவர் அம்மா வருகிறார் என்று பெல்ட்டை நிறுத்தினார்கள். தலைவர் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. கூடத்தின் ஒரு கோடியில் மேடை. மேடைக்குப் பின்னால், 'பேசு பெண்ணே, உன் கதவு திறக்கும்' என்று ஒரு பெரிய ஃபிளெக்ஸ். அதைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல் எங்கள் கழிப்பறைக் கதவை மறைத்துக் கட்டியிருந்தார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து யாரும் உள்ளே போக முடியவில்லை. பூச்சியின் தங்கைக்கு அந்த வாரம் மறுபடியும் ஜுரம். லீவு கேட்டதற்கு, விழாவுக்கு ஆள் குறையக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். முன்வரிசையில் உதடு வெடித்து, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கைதட்டல் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். குரல் அதிகாரி பச்சை அட்டையைத் தூக்கினால் நான் ஆரம்பிக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்துகொள்ள வேண்டும். பயிற்சிகூட நடந்தது. அந்தப் பயிற்சிக்கு வந்த பெண்களிடம்தான் நான் வேறு ஒரு விஷயத்தையும் சொன்னேன். பூச்சியிடம் கடைசியாகச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் டேப்பை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அக்கா, எனக்குக் கைதட்டல் புடிக்கும்" என்றாள். "இதுக்கு முன்னாடி யாரும் எனக்குத் தட்டினதில்ல."

"வேணாம்னா விட்டுடலாம்டி" என்றேன்.

"விட வேணாம். ஆனா நான் நல்லாத்தான் சொல்லுவேன். இந்தத் தடவை முணுமுணுக்க மாட்டேன். நீங்கதான் கையை அடக்கிக்கணும்."

தலைவர் அம்மா வந்தார். விளக்கை அவர்மேல் திருப்பினார்கள். "இந்தக் கூடத்துல ஒவ்வொரு பெண்ணும் ஒரு கவிதை" என்று பேசினார். "உங்களையெல்லாம் நேர்ல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. இந்தக் கட்டடம் எங்க இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அடுத்து எனக்கு ஒரு திறப்பு விழா இருக்கு, அதனால சுருக்கமா முடிப்போம்." மேடையில் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். பேசி முடித்து அவர் ஒரு மிடறு குடித்தார். தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூச்சி மேடை ஏறினாள். நின்றாள். நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்.

"காலையில கிளம்பும்போது நான் தண்ணி குடிக்கிறதில்ல.
மதியம் சோத்தை விக்கிக்கிட்டே முழுங்குறேன்.
கதவுக்கு உள்ள நான், வெளிய என் தங்கச்சி முதுகு.
அவ நகர்ந்தா என் மானம் போகும்.
அவ நின்னா அவ சம்பளம் போகும்.
எங்க உடம்புல ஓடுறது ரத்தம் இல்ல, பயம்.
நான் வானத்தைக் கேக்கல.
விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு. நாலு ஸ்க்ரூ.
நான் பேசுறதுக்கு விளக்கு வெச்சீங்க, மைக் வெச்சீங்க.
நான் பேசாம ஒரு நிமிஷம் உக்கார
ஒரு தாழ்ப்பாள் வைக்கல."

முடித்துவிட்டுக் கும்பிட்டாள். பச்சை அட்டை உயர்ந்தது.

கையை அடக்குவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். என் வரிசையில் எல்லோரும் அப்படித்தான். பின்னால் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது, ஆனால் ஒரு தட்டல் இல்லை, ஒரு சொடுக்கு இல்லை.

குரல் அதிகாரி அட்டையை ஆட்டினார். அட்டை தெரியவில்லையோ என்று இன்னும் உயரத் தூக்கினார். தலைவர் அம்மா தட்டினார், மேடையே தட்டியது. பிறகு சுற்றறிக்கை ஞாபகம் வந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் எங்கள் வரிசைப் பக்கம் வந்து, "தட்டுங்கம்மா, ஏய், தட்டுங்கம்மா" என்று கெஞ்சலும் மிரட்டலுமாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் பயிற்சியில் சொன்ன மாதிரி அவர் கண்ணைப் பார்த்தோம். அவர் போய்விட்டார். பயிற்சியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மௌனத்தைப் பற்றி நீளமாக ஒரு கவிதை சொன்னார். அதற்கும் யாரும் தட்டவில்லை. அதனால் அதுவும் நிலுவையில் சேர்ந்தது.

தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்பலாமா?"

"முடியாதுங்க மேடம். நிலுவை இருந்தா நிகழ்ச்சி முடியாது. விதி நீங்க கையெழுத்துப் போட்டதுதான்" என்றார் குரல் அதிகாரி.

"சரி, இவங்களுக்கு என்னதான் வேணும்?"

மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அங்கீகாரம் மேடம்" என்றார் குரல் அதிகாரி. "விடுதலை" என்றார் பயிற்சியாளர். நடுவர்களில் ஒருவர், "மொழிநடை நல்லா இருந்தது" என்றார்.

"தாழ்ப்பாள்" என்றாள் பூச்சி. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

கடைசி வரிசையிலிருந்து, கூடத்தில் ரிப்பேர் வேலை பார்க்கிற மெயின்டனன்ஸ் அண்ணன் எழுந்து நின்றார். தோளில் எப்போதும் தொங்குகிற பையில் கையை விட்டு ஒரு தாழ்ப்பாளை எடுத்தார். "முதல் தடவை இவங்க சொன்ன அன்னைக்கே ஸ்டோர்ல வாங்கிட்டேன் மேடம். மாட்டப் போகும்போது புகார் தீர்ந்துடுச்சுன்னு தகவல் வந்துச்சு. தீர்ந்த புகாருக்கு வேலை பாத்தா எனக்கு மெமோ வரும். மண்டலத்துல சொன்னப்பவும் அப்படித்தான் ஆச்சு."

ஒரு வருடமாக அது அந்தப் பையிலேயே எங்களைச் சுற்றி அலைந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அறைவது என்று தெரியவில்லை.

ஃபிளெக்ஸை ஒரு ஓரமாகத் தூக்கிக் கட்டினார்கள். நடுவர்கள், குரல் அதிகாரி, தலைவர் அம்மா எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் ஸ்க்ரூவை முடுக்கினார். ஒரு பாட்டு ஓடுகிற நேரம்கூட ஆகவில்லை. பூச்சியின் தங்கை எழுந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். பூச்சி பின்னாலேயே போய்ப் பழக்க தோஷத்தில் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது. மைக் பூச்சி கையில் இருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது.

பூச்சி திரும்பிக் கதவை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. அங்கிருந்து மெதுவாக நகர்ந்து வந்து எங்களோடு உட்கார்ந்தாள். நான் என் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தேன். மரத்துப் போயிருந்தது. அந்தக் கையால்தான் ஆரம்பித்தேன். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பச்சை அட்டையைக் கீழே இறக்கிய பிறகும் தட்டினோம், தலைவர் அம்மாவின் கார் போன பிறகும் தட்டினோம். பூச்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பெண் குரல் மேம்பாட்டுப் பிரிவு அந்த வருடம் ஒரு விருது வாங்கியது. தாழ்ப்பாளின் புகைப்படத்தைப் பெரிதாக்கி அந்தக் கண்ணாடி அறையில் மாட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்கு முன் அனுமதி இல்லாமல் ஃபிளெக்ஸைத் தொட்டதற்காக ஒரு மெமோ வந்தது. பூச்சியை இப்போது யாரும் பூச்சி என்று கூப்பிடுவதில்லை. அவளே ஒரு நாள் நிறுத்தி, நிதானமாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்தக் கதையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

விழாவுக்கு மறுநாள் காலையில் பெல்ட் ஓட ஆரம்பித்தது. தங்கை பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுசாகக் குடித்தாள். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்சல்கள் பிரிக்காமலே போய்க்கொண்டிருந்தன. யாரும் கை தட்டவில்லை.